நான் இன்னும் பணியில்தான் இருக்கிறேனாம்!

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்தேகால் இருக்கும். வீட்டு லேண்ட்லைன் அடித்தது. இப்போதெல்லாம் அந்தப் போனில் பேசுகிறவர்கள் இரண்டே வகை. லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள், யாரோ தவறிவிட்டார் என்று சொல்பவர்கள். கொஞ்சம் பயத்தோடுதான் எடுத்தேன்.

"வணக்கம் சார். காரைக்கால்லேருந்து வந்திருக்கோம். ஆபீஸ் வாசல்ல நிக்கிறோம். கேட்டு பூட்டியிருக்கு. இன்னிக்கி லீவா சார்?"

"எந்த ஆபீஸ் தம்பி?"

பெயரைச் சொன்னார். நான் பல வருடம் வேலை பார்த்த ஆபீஸ்தான்.

"அது அங்கேருந்து மாறி அஞ்சாறு வருஷம் ஆச்சே தம்பி. நான் ரிட்டயர் ஆகியே பதினாலு வருஷம் ஆச்சு. என் நம்பரை உங்களுக்கு யார் குடுத்தது?"

"வெப்சைட்ல போட்டிருக்கு சார். தொடர்புக்குன்னு உங்க பேரு, ஆபீஸ் நம்பர், வீட்டு நம்பர் எல்லாம் இருக்கு. ஆபீஸ் நம்பர் உபயோகத்துல இல்லேன்னு வருது. அதான் வீட்டுக்கு அடிச்சேன். அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கேன் சார். அவங்களால ரொம்ப நேரம் நிக்க முடியாது."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பையன் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறவர். அம்மாவுக்கு என் வயசு இருக்கும், முழங்கால் வலி. விடியற்காலைப் பஸ் பிடித்து, சுமார் 130 கிலோமீட்டர் வந்திருக்கிறார்கள். ஆட்டோ பிடித்து மூவரும் ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் புதுக் கட்டடத்துக்குப் போனோம். வெப்சைட்டிலிருந்து டவுன்லோடு செய்து, பூர்த்தி செய்து, கையெழுத்து வாங்கி, பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகக் கொண்டுவந்த விண்ணப்பத்தை அந்தத் தம்பி கவுன்ட்டரில் நீட்டினார். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது பழைய ஃபாரம். இப்போ வேற. இன்னும் ரெண்டு சர்ட்டிபிகேட் சேர்க்கணும்."

"வெப்சைட்ல இதானேம்மா இருக்கு?"

"வெப்சைட்டை எல்லாம் நம்பாதீங்க. நேர்ல வந்து கேட்டுக்கணும்."

"நேர்லதானேம்மா வந்திருக்கோம்" என்றார் அந்த அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கவுன்ட்டர் பெண்ணையும் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருப்பாரோ. ஆனால் அவர் சொன்ன வாக்கியத்தை வீட்டுக்கு வந்தும் அசை போட்டுக்கொண்டே இருந்தேன். ஓர் அரசு அலுவலகத்தின் ஊழியர், அலுவலக நேரத்தில், அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "எங்கள் அலுவலகம் சொல்வதை நம்பாதீர்கள்" என்று பொதுஜனத்துக்கு அறிவுரை சொல்கிறார். அது அவருக்கும் விசித்திரமாகப் படவில்லை, பக்கத்தில் நின்றவர்களுக்கும் படவில்லை. நிலைமை அந்த அளவுக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் பேரனை உட்காரவைத்து அந்த வெப்சைட்டைப் பார்த்தேன். 'அன்புடன் வரவேற்கிறோம்' என்று ஒரு வரி இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தது. 2009ஆம் வருடத்துச் சுற்றறிக்கை ஒன்றின் பக்கத்தில் 'புதியது' என்று சிவப்பு எழுத்து மினுக்கிக்கொண்டிருந்தது. ஊழியர் பட்டியலில் நான் இருந்தேன். என் பதவி, வீட்டு நம்பர், 2008 மார்ச் மாதத்தில் நான் வாங்கிய சம்பளம், எல்லாம் இருந்தன. "தாத்தா, நீங்க இன்னும் வேலைக்குப் போறீங்க போலிருக்கே" என்றான் பேரன்.

சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் 17 வகைத் தகவல்களைத் தானாகவே வெளியிட வேண்டும் என்பது அதன் 4ஆம் பிரிவு. அலுவலகத்தின் கடமைகள், முடிவெடுக்கும் முறை, அதிகாரிகள், ஊழியர்களின் விவரத் திரட்டு, அவர்களுடைய மாதச் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். என் சம்பளம் ஊருக்குத் தெரிந்தது அப்படித்தான். எங்கள் ஆபீசில் 2008இல் அந்தப் பட்டியலைப் புதுப்பித்து வெப்சைட்டில் ஏற்றினார்கள். "அடிச்சா எடுக்கிற நம்பரா ஒண்ணு போடுய்யா" என்றார் அதிகாரி. என் வீட்டு நம்பரைப் போட்டேன். கடைசிப் பக்கத்தின் அடியில், பழக்க தோஷத்தால், '31.3.2008 நிலவரப்படி' என்றும் ஒரு வரி தட்டினேன்.

பேரனிடம் சொல்லி அந்தப் பக்கத்தின் அடிவரை போய்ப் பார்த்தேன். பட்டியல் முழுக்க இருக்கிறது. அந்த ஒரு வரியைக் காணோம். ஏற்றியவர் அழகுக்காக எடுத்துவிட்டாரோ, இடம் போதவில்லையோ, தெரியாது. அந்த ஒரு வரி இருந்திருந்தால் காரைக்கால் தம்பி அதைப் பார்த்த உடனே உஷாராகியிருப்பார். "2008ஆ? விசாரிச்சுட்டுப் போவோம்" என்று நினைத்திருப்பார். அந்த வரி போனதும், 17 வருடத்துக்கு முந்தைய உண்மை இன்றைய பொய்யாக மாறிவிட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். பழைய வெப்சைட் என்பது ஏதோ தூசி படிந்த அலமாரி, நேரம் கிடைத்தால் துடைக்கலாம் என்கிற சமாசாரம் இல்லை. அது அந்த அலுவலகம் இன்று, இந்த நிமிடம், பொதுமக்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் தவறான தகவல். வெப்சைட்டே இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை. ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால் ஜனங்கள் வேறு வழியில் விசாரித்துக்கொண்டு வருவார்கள். பூட்டிய கடையால் யாருக்கும் நஷ்டமில்லை. கடையைத் திறந்து வைத்து, விளக்கும் போட்டு, காலாவதியான மருந்தை அடுக்கி வைத்திருப்பதில்தான் ஆபத்து.

நான் 1973இல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த தலைமை எழுத்தர் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே சர்வீசில் சேர்ந்தவர். எல்லாரும் அவரை 'முசே' என்றே கூப்பிடுவோம். ஆபீஸ் வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட நோட்டீஸ் போர்டு ஒன்று இருந்தது. பூட்டுச் சாவி அவர் இடுப்பில். அந்தப் போர்டில் எதை ஒட்டினாலும் அதன் இடது மூலையில் ஒட்டிய தேதி, வலது மூலையில் எடுக்க வேண்டிய தேதி, அடியில் ஒட்டியவரின் சுருக்கொப்பம். தினமும் பத்து மணிக்கு போர்டைப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். நாள் கடந்த காகிதம் ஒன்று தொங்கினால் அன்றைக்கு எங்களுக்கு அர்ச்சனைதான். "தேதி இல்லாத காகிதம் மூக்குப்பொடி மடிக்கத்தான் ஆகும்" என்பார். எடுத்த நோட்டீசை கிழித்துப் போடவும் விடமாட்டார். பின்னால், 'இத்தனாம் தேதி முதல் இத்தனாம் தேதி வரை ஒட்டப்பட்டிருந்தது' என்று எழுதிக் கையெழுத்திட்டு அதற்கான கோப்பில் சேர்க்க வேண்டும்.

இந்தக் கெடுபிடி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிற்பாடு வேலை விஷயமாகப் பழைய சட்டப் புத்தகங்களையும் புரட்ட வேண்டியிருந்தது. 1804இல் வந்த 'கோத் சிவில்' என்கிற பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பின் முதல் பிரிவே, சட்டம் ஜனங்களுக்குத் தெரிந்துவிட்டதாக எந்த நாளிலிருந்து கருதலாம் என்பதைப் பற்றியதுதான். அரசு இருக்கும் இடத்தில், பிரகடனம் செய்து ஒரு நாள் கழித்து. மற்ற மாவட்டங்களுக்கு, அங்கிருந்து ஒவ்வொரு 100 கிலோமீட்டர் தூரத்துக்கும் ஒரு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். குதிரை ஓடுகிற வேகத்தைக் கணக்குப் போட்டு சட்டத்தின் முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறார்கள்! சட்டம் எனக்குத் தெரியாது என்று குடிமகன் சொல்லக் கூடாது. சரி. ஆனால் தெரியப்படுத்த வேண்டியது யார் பொறுப்பு, எத்தனை நாளில் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார்கள்.

கல்யாண அறிவிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுச் சட்டப்படி கல்யாணத்துக்கு முன்னால் மேரியில், அதாவது நகரசபை வாசலில், அறிவிப்பு 10 நாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்வதற்காக. அதன்பின் ஒரு வருடத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அந்த அறிவிப்பு செல்லாது. மறுபடியும் ஒட்ட வேண்டும். மணமகன் அதே மணமகன்தான், மணமகளும் அதே மணமகள்தான். ஆனாலும் ஒரு வருடத்தில் உலகம் மாறியிருக்கும், பழைய காகிதத்தை வைத்துப் புதுக் காரியம் செய்யக் கூடாது என்கிற ஜாக்கிரதை.

பிரெஞ்சு நிர்வாகம் என்றால் காகித மலை என்பது உலகறிந்த விஷயம். அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் காகிதத்தில் இருந்த இந்தப் புத்தியை அவர்கள் கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோனார்கள். அவர்களுடைய அரசிதழ் 2016 ஜனவரி முதல் காகிதத்தில் அச்சாவதே இல்லை, இணையத்தில் மட்டும்தான். பொதுமக்களுக்கான அவர்களது அரசுத் தளத்தில் நடைமுறையை விளக்கும் பக்கத்தைத் திறந்தால், 'இன்ன தேதியில் சரிபார்க்கப்பட்டது' என்று போட்டு, சரிபார்த்த துறையின் பெயரும் இருக்கும். 2018இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அமைச்சகச் சுற்றறிக்கை கையெழுத்தாகி நான்கு மாதத்துக்குள் வெளியிடப்படாவிட்டால் அது ரத்தானதாகவே கருதப்படும். அது மட்டுமில்லை. அதற்கென்று குறிப்பிட்ட அரசுத் தளங்களில் வெளியிட்ட சுற்றறிக்கையில் ஒரு விதிக்குக் கொடுத்த விளக்கம் தவறாகவே இருந்தாலும், அதை நம்பி நடந்த குடிமகன் அதையே தனக்கு ஆதாரமாகக் காட்டலாம். சில விலக்குகள் உண்டு. ஆனாலும் அடிப்படை என்ன? தவறாகப் போட்டது அரசாங்கம், அதன் பலனை அரசாங்கம் அனுபவிக்கட்டும்.

இங்கே என்ன நடக்கிறது? தவறாகப் போட்டது ஆபீஸ். பஸ் சார்ஜ், ஆட்டோ சார்ஜ், ஒரு நாள் கூலி, முழங்கால் வலி எல்லாம் காரைக்கால் அம்மாவுக்கு.

'நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லையே' என்று சொல்லிவிட முடியாது. நான் மேலே சொன்ன 4ஆம் பிரிவை முழுக்கப் படித்துப் பாருங்கள். 120 நாளில் வெளியிட வேண்டும் என்பதோடு, அதன்பின் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஜனங்கள் மனு போட்டுக் கேட்கிற தேவையே கூடியவரை வராதபடி, இணையம் உட்படப் பல வழிகளில் அவ்வப்போது தகவல் தந்துகொண்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அரசு இணையதளங்களுக்கென்று 2009இல் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் போட வேண்டும், தளத்துக்குப் பொறுப்பாக இணையத் தகவல் மேலாளர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆக, விதிக்குப் பஞ்சமில்லை. வெப்சைட் திறப்பு விழாவுக்குக் குத்துவிளக்கு, பூங்கொத்து, போட்டோ எல்லாம் உண்டு. மறுநாள் காலையிலிருந்து அதைக் கவனிக்க ஆள் கிடையாது. அவ்வளவுதான்.

இதைப் பேசினால் வரும் பதில்களும் எனக்கு மனப்பாடம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் அல்லவா!

முதல் பதில்: ஆள் பற்றாக்குறை. உண்மைதான். ஆனால் ஒரு போன் நம்பரை மாற்ற ஐந்து நிமிடம் ஆகும். அதை மாற்றாததால் தவறான ஃபாரத்தோடு வருகிற ஒவ்வொருவருக்கும் கவுன்ட்டரில் விளக்கம் சொல்ல ஆளுக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. ஆள் இல்லாத ஆபீஸ்தான் வெப்சைட்டை முதலில் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பதில்: அது கம்ப்யூட்டர் செக்‌ஷன் வேலை. இல்லை. கம்ப்யூட்டர் செக்‌ஷன் போர்டு மாட்டித் தரும் தச்சர். போர்டில் என்ன ஒட்ட வேண்டும் என்று தச்சரா சொல்வார்? ஃபாரம் மாறியது எந்த செக்‌ஷனுக்குத் தெரியுமோ, அந்த செக்‌ஷன்தான் வெப்சைட்டிலும் மாற்றச் சொல்லி எழுத வேண்டும்.

மூன்றாவது பதில்: போன் செய்து கேட்டுக்கொள்ளலாமே. செய்தார்களே! என் வீட்டில்தான் மணி அடித்தது.

நான்காவது பதில்தான் எனக்கு ரத்தக்கொதிப்பை ஏற்றுவது. பல தளங்களில் அடியில் பொடி எழுத்தில், 'இத்தளத்தில் உள்ள தகவல்களின் துல்லியத்துக்கு இத்துறை பொறுப்பல்ல' என்று போட்டிருக்கிறார்கள். அப்படியானால் யார் பொறுப்பு? பக்கத்து டீக்கடையா? அரசு முத்திரையைத் தலையில் போட்டு, 'பொறுப்பல்ல' என்பதைக் காலடியில் போடுவது என்ன நியாயம்? பணியில் இருந்தபோது நான் ஒரு குறிப்பு எழுதி, அடியில் 'இதில் உள்ளவை சரியா என்பதற்கு நான் பொறுப்பல்ல' என்று எழுதியிருந்தால் அன்றைக்கே மெமோ வந்திருக்கும்.

இந்த வாதம் ஒரு முறை கனடாவில் எடுபடாமல் போனது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் தளத்தில் இருந்த தானியங்கி உரையாடி, துக்கத்துக்குப் போகிறவர்களுக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணச்சீட்டு வாங்கிய 90 நாளுக்குள் கேட்டுப் பெறலாம் என்று ஒரு பயணியிடம் சொல்லிவிட்டது. பாட்டி இறந்த துக்கத்தில் இருந்தவர் அதை நம்பிச் சீட்டு வாங்கினார். பிறகு கேட்டபோது, அப்படி விதி இல்லை, அதே தளத்தின் இன்னொரு பக்கத்தில் சரியாகத்தான் போட்டிருக்கிறோம் என்று நிறுவனம் கைவிரித்தது. வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தீர்ப்பாயத்துக்குப் போனது. தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு, எந்தப் பக்கம் சரி எந்தப் பக்கம் தப்பு என்று தேடிக் கண்டுபிடிப்பது பயணியின் வேலை இல்லை என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பு. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து சுமார் 812 கனடா டாலர் கொடுக்கச் சொன்னார்கள். தொகை பெரிதில்லை. ஆனால் தளம் பேசினால் நிறுவனம் பேசியதாகத்தான் அர்த்தம் என்பதை எழுத்தில் வைத்துவிட்டார்கள்.

மதிப்பு எப்படிப் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் பத்துத் தகவல் இருக்கிறது. ஒன்பது சரி, ஒன்று தப்பு. அந்த ஒன்றில் அடிபட்டவர் மீதி ஒன்பதையும் நம்ப மாட்டார். எது சரி, எது தப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்? நிஜமாகவே ஒரு நல்ல அறிவிப்பு, ஓர் உதவித்தொகை, ஒரு கடைசித் தேதி அதே தளத்தில் வந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். அடுத்த முறை வேலை ஆக வேண்டுமென்றால் நேரே ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கரிடம் போவார். புரோக்கரிடம் புது ஃபாரம் இருக்கிறது. அவருக்குப் புது விலாசம் தெரியும். எந்த நாளில் போனால் அதிகாரி இருப்பார் என்பதும் தெரியும். சரியான தகவலை விலைக்கு விற்கும் அந்தத் தொழிலுக்கு, இலவசமாகத் தப்புத் தகவல் தரும் வெப்சைட்டைவிடப் பெரிய துணை வேண்டுமா?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மோசடிக்காரர்கள் அரசுத் தளம் மாதிரியே போலித் தளம் செய்து பணம் பறிக்கிறார்கள் என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். 'உண்மையான தளத்தைப் பார்த்துச் சரிபாருங்கள்' என்று எச்சரிக்கையும் வருகிறது. உண்மையான தளம் 2009இல் நின்ற கடிகாரமாக இருந்தால் எதை வைத்துச் சரிபார்ப்பது? போலித் தளம் பளபளவென்று இன்றைய தேதியோடு இருக்கிறது. அசல் பாழடைந்து கிடக்கிறது. பார்க்கிறவர் எதை அசல் என்று நினைப்பார்?

சர்க்காரை மட்டும் திட்டிவிட்டு முடித்தால் நான் யோக்கியனாகிவிட மாட்டேன். என் வீட்டு அழுக்கையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஓய்வூதியர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். அதற்கும் ஒரு வெப்சைட். ஓர் உறுப்பினரின் மகன் இலவசமாகச் செய்து கொடுத்தான். நான் அப்போது செயற்குழுவில் இருந்தேன். எங்கள் செயலாளர் அருமையான மனிதர். நவம்பர் மாதம் வந்தால் ஆயுள் சான்றிதழ் கொடுக்க முடியாத வயசானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து உதவுவார். அவருடைய செல் நம்பரைத்தான் 'உதவிக்கு அழைக்கவும்' என்று போட்டிருந்தோம். 2021இல் அவர் தவறிவிட்டார். இரங்கல் கூட்டம் நடத்தினோம், மாலை போட்டோம், படம் திறந்தோம். வெப்சைட்டில் பெயரை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன வருடம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பழைய செல் அடித்தது. அக்கா எடுத்தார். "அவர் இல்லீங்க. இறந்து மூணு வருஷம் ஆச்சு. ஆமாங்க. பரவாயில்லீங்க. நீங்க சங்கத்துல வேற யாரையாவது கேளுங்க" என்று சொல்லி வைத்தார். என்னைப் பார்த்து, "நவம்பர் வந்தா தெனம் நாலு போன் வரும் தம்பி. நம்பரை எடுத்துடலாம்னு பையன் சொல்றான். பாவம், வயசானவங்க கூப்பிடறாங்க, யாரும் எடுக்கலேன்னா தவிச்சுப் போவாங்களேன்னு நான்தான் வெச்சிருக்கேன்" என்றார்.

எனக்கு நாக்கு எழவில்லை. மூன்று வருடமாக, அந்த அம்மாள் தன் புருஷன் இறந்ததை ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் தன் வாயால் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் ஒரு வரியை மாற்றாததால். அன்றைக்கு ராத்திரியே அந்தப் பையனுக்குப் போன் போட்டு மாற்றவைத்தேன். பத்து நிமிட வேலை. அதற்கு மூன்று வருடம்.

ஆகவே உபதேசம் செய்கிற தகுதி எனக்குக் குறைவுதான். ஆனாலும் 38 வருடக் குமாஸ்தா அனுபவத்தில் சில யோசனைகள் சொல்கிறேன். இதற்கு நிபுணர் குழு வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

ஒன்று, ஒவ்வொரு பக்கத்திலும் தேதி வேண்டும். சரிபார்த்தவரின் பதவியும் வேண்டும். தானாக இன்றைய தேதியைக் காட்டுகிற ஏமாற்று வேலை கூடாது. ஒரு மனிதர் கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்ன தேதி வேண்டும்.

இரண்டு, முசே போர்டில் செய்த மாதிரி எடுக்க வேண்டிய தேதியும் வேண்டும். டெண்டர், நேர்முகத் தேர்வு, கடைசி நாள் எல்லாம் அந்த நாள் முடிந்ததும் முகப்பிலிருந்து இறங்கிவிட வேண்டும்.

மூன்று, இறக்கியதை அழித்துவிடக் கூடாது. பழைய ஆணை ஓய்வூதியக் கணக்குக்கு வேண்டும், வழக்குக்கு வேண்டும். அதைத் தனி ஆவண அறையில் வைத்து, 'இது இப்போது நடைமுறையில் இல்லை, இதற்குப் பதில் இன்ன ஆணை' என்று எழுதி வையுங்கள். பழையது என்பது குற்றமில்லை. பழையதைப் புதியதாகக் காட்டுவதே குற்றம்.

நான்கு, மாற்றலாகிப் போகிற ஒவ்வொருவரும் சார்ஜ் ஒப்படைக்கும்போது சாவி, கோப்பு, ரப்பர் ஸ்டாம்ப் என்று பட்டியல் கொடுக்கிறோமே, அதில் ஒரு வரி சேருங்கள்: 'வெப்சைட்டில் என் பெயரும் நம்பரும் நீக்கப்பட்டு, புதியவர் விவரம் சேர்க்கப்பட்டது.' இது இல்லாமல் விடுவிப்பு ஆணை கொடுக்காதீர்கள். இரண்டே மாதத்தில் நாட்டில் பாதி தளங்கள் சரியாகிவிடும்.

ஐந்து, இதெல்லாம் முடியாது என்றால் தளத்தை மூடிவிடுங்கள். விலாசம், போன் நம்பர், வேலை நேரம் மூன்றையும் மட்டும் ஒரே பக்கத்தில் சரியாகப் போடுங்கள். அது போதும்.

அந்தக் காரைக்கால் அம்மாவும் பிள்ளையும் பத்து நாள் கழித்து மறுபடி வந்து, புது ஃபாரத்தோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்த முறை முன்கூட்டியே எனக்குப் போன் செய்து விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. என் பெயரை நீக்கும்படி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, தேதி போட்டு, நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கி வந்தேன். நான்கு வாரம் ஆகிறது. நேற்றுப் பார்த்தேன், நான் இன்னும் பணியில்தான் இருக்கிறேன். இனி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடப்போகிறேன். இரண்டே கேள்வி: இந்தத் தளம் கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது? புதுப்பிக்க வேண்டியவர் யார்? மனுவைப் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு அனுப்ப வேண்டும். தளத்தில் பார்த்தேன். அங்கே போட்டிருக்கும் பெயர் எனக்கு இரண்டு வருடம் முன்னால் ரிட்டயர் ஆனவருடையது.

லேண்ட்லைனை எடுத்துவிடலாம் என்கிறாள் என் மனைவி. வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். போன் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். அதில் ஆபீசின் புது விலாசம், எந்த பஸ்ஸில் வர வேண்டும், எந்த ஃபாரம், கூட என்னென்ன சர்ட்டிபிகேட் என்று எழுதியிருக்கிறது. அட்டையின் மூலையில் எழுதிய தேதியும் போட்டிருக்கிறேன்.